தீவாந்தரம் போனவளைத் தேடப்போகிறவர்களுக்கு

வரலாறு படிக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

ஆய்வுக்குத் தலைப்புத் தேடி நீங்கள் அலையும் காலம் இது. கட்சிகள், போராட்டங்கள், கோயில் கல்வெட்டுகள், பத்திரிகைகள் என்று ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். எல்லாம் செய்ய வேண்டிய வேலைகள்தாம். ஆனால் உங்களில் நாலைந்து பேரையாவது வேறொரு பக்கம் இழுக்க வேண்டும் என்றுதான் இந்த மடலை எழுதுகிறேன். தீவாந்தர தண்டனை பெற்றுக் கப்பலேறிய ஒரே ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அவளைப் பற்றிய முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை தேடிப் படியுங்கள். அரசு காகிதத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று வேறு எந்த ஆய்வும் இந்த அளவுக்குக் கற்றுத்தராது.

வெறுமனே சொன்னால் பிடிபடாது. அதனால் பலர் பல காலம் தேடிச் சேர்த்த ஒருத்தியின் வாழ்க்கையை உங்கள் முன் விரிக்கிறேன். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்து, ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் கைதிக் கூட்டத்தில் போனவள். பெயர் மேரி. பிறந்த வீட்டுப் பெயர் பிராட், மணமான பிறகு பிரையன்ட். நீதிமன்ற ஏட்டில் அவள் பெயர் இந்த இரண்டுமில்லாமல் பிரான்ட் என்று இருக்கிறது. காதில் விழுந்ததை எழுத்தர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். நீங்கள் தேடும்போதும் இப்படித்தான் இருக்கும். ஒரே பெயரை நாலு விதமாக எழுதிப் பார்த்துத் தேடப் பழகிக்கொள்ளுங்கள்.

ஃபோவே என்ற சிறிய துறைமுக ஊரில் 1765 மே 1 அன்று ஞானஸ்நானம் பெற்ற குழந்தையாக அவள் முதலில் தென்படுகிறாள். தகப்பன் வில்லியம் பிராட் கடலோடி. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்குத் தாள்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்து அவளைப் பார்ப்பது 1786 மார்ச் 20 அன்று, எக்சிட்டர் நகரில் கூடிய நீதிமன்றத்தில். ஆக்னஸ் லேக்மன் என்ற பெண்ணை நெடுஞ்சாலையில் தாக்கி, அவளுடைய பட்டுத் தொப்பியையும் வேறு பொருள்களையும் பறித்ததாகக் குற்றச்சாட்டு. கூட நின்றவர்கள் இரண்டு பெண்கள்: கேதரின் ஃப்ரையர், மேரி ஹேடன். மூவருக்கும் தூக்கு என்று தீர்ப்பானது. பிறகு அதை ஏழு ஆண்டுத் தீவாந்தரமாக மாற்றினார்கள்.

இந்த இருபது ஆண்டு இடைவெளியைக் கொஞ்சம் பொறுத்துக் கடந்து போங்கள். பிறப்பிலும் குற்றத்திலும் மட்டும் தட்டுப்படுகிற ஏழைப் பெண்ணை, பிறந்ததிலிருந்தே குற்றத்தை நோக்கி நடந்தவளாக எழுதிவிடுவது மிகச் சுலபம். அவளை வாட்டிய வறுமையை உருக்கமாகக் கற்பனை செய்து நிரப்புவதும் அதே அளவு சுலபம். ஒரு கடலோடியின் மகள் அந்தக் கரையில் எப்படி வளர்ந்திருப்பாள் என்று ஊரைப் பற்றி எழுதுங்கள், தொழிலைப் பற்றி எழுதுங்கள். அவள் மனதைப் பற்றி எழுதாதீர்கள்.

அமெரிக்கா விடுதலைப் போரில் இறங்கியதும் இங்கிலாந்து தன் கைதிகளை அங்கே அனுப்ப முடியாமல் போயிற்று. சிறைகள் நிரம்பி வழிந்தன. கடலோடத் தகுதியிழந்த பழைய கப்பல்களைத் துறைமுகங்களில் நங்கூரமிட்டு அவற்றையே சிறையாக்கினார்கள். பிளிமத்தில் நின்ற ‘டன்கிர்க்’ அப்படி ஒன்று. மேரியை அங்கேதான் அடைத்தார்கள். 1787 மே 13 அன்று 11 கப்பல்கள் புறப்பட்டபோது ‘சார்லட்’ என்ற கப்பலில் அவள் இருந்தாள். அதே ஆண்டு செப்டம்பர் 8 அன்று மேரி பிராட் என்ற கைதிக்குப் பெண் குழந்தை பிறந்தது என்று மருத்துவர் ஜான் வைட் தம் குறிப்பில் எழுதுகிறார். குழந்தைக்குக் கப்பலின் பெயரையே வைத்தாள்.

இப்போது நாள்களைப் பின்னோக்கி எண்ணுங்கள். கரு உண்டானது 1786 டிசம்பர் வாக்கில். அப்போது அவள் காவலில் இருந்தவள். யார் தகப்பன் என்று பின்னால் வந்தவர்கள் வெவ்வேறு பெயர்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறார்கள். காவலர்களில் ஒருவன் என்றும், உடனிருந்த கைதி என்றும், அது காதல் என்றும்கூட எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் ஆத்திரம் வருகிறது. பூட்டிய கப்பலுக்குள், சோறும் துணியும் மற்றவர் கையில் இருக்க, ஒரு பெண் சம்மதித்தாள் என்று எந்த ஆதாரத்தை வைத்து எழுதுவது? மருத்துவர் குறிப்பு பிறந்த நேரத்தைச் சொல்கிறது, அதற்கு மேல் போகவில்லை. அந்த மௌனத்தை உங்கள் ஆய்விலும் மௌனமாகவே வையுங்கள். ஆனால் அந்தத் தேதிக் கணக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவளுக்கு என்ன நடந்தது என்று சொல்ல நம்மிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான்.

1788 ஜனவரி 26 அன்று கைதிகளின் கப்பல்கள் சிட்னி விரிகுடாவில் நங்கூரமிட்டன. அது காடிகல் மக்களின் மண். இரண்டே வாரத்தில், பிப்ரவரி 10 அன்று, மேரிக்கும் வில்லியம் பிரையன்டுக்கும் திருமணம். அந்தக் குடியேற்றத்தின் முதல் திருமணங்களில் ஒன்று. வில்லியமும் கார்ன்வால்காரன், மீன்பிடித் தொழிலாளி, 1784-இல் தண்டனை பெற்றவன். பசியில் தவித்த குடியேற்றத்துக்கு மீனவன் ஒருவன் கிடைத்தது பெரிய பேறு. அரசுப் படகுகளும் வலைகளும் அவன் பொறுப்புக்கு வந்தன, குடும்பத்துக்குத் தனிக் குடிசையும் கிடைத்தது. 1789 பிப்ரவரியில் மீனை மறைத்து விற்றான் என்று பிடித்து 100 கசையடி கொடுத்தார்கள். குடிசையைப் பிடுங்கினார்கள். ஆனாலும் அவனை விட்டால் மீன் பிடிக்க ஆளில்லை என்பதால் வேலையை விட்டு நீக்கவில்லை. 1790 ஏப்ரலில் இவர்களுடைய மகன் இமானுவேல் ஞானஸ்நானம் பெறுகிறான். அதே மாதத்தில் உணவுப் பங்கீடு கடுமையாகக் குறைக்கப்பட்டது. பால் குடிக்கும் குழந்தையோடு ஒரு தாய் அந்தப் பங்கீட்டை எப்படிச் சமாளித்தாள் என்பதை எந்த ஏடும் எழுதவில்லை. இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கேள்வியே எழுகிறது.

நீதி அதிகாரியாக இருந்த டேவிட் காலின்ஸ் எழுதிய நூலில் ஒரு செய்தி வருகிறது. இந்த ஊரில் செய்த கல்யாணம் ஊருக்குப் போனால் செல்லாது என்று வில்லியம் சொன்னது காதில் விழுந்ததாம். மனைவியையும் பிள்ளைகளையும் தவிக்கவிட்டுத் தண்டனை முடிந்தவர்கள் கப்பலேறக் கூடாது என்று ஆளுநர் உத்தரவிட்டாராம். பலர் இதை வைத்தே மேரியைக் கைவிடப்பட இருந்தவள் என்று வரைந்துவிட்டார்கள். ஆனால் அடுத்து நடந்தது என்ன? தப்பித்துப் போகும் படகில் அவளும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். அதிகாரி ஒருவர் ஒட்டுக்கேட்டு எழுதிய சொல்லை விட, அந்தப் படகில் அவர்கள் உட்கார்ந்திருந்தது எனக்குப் பெரிய சான்றாகத் தெரிகிறது.

வில்லியமின் ஏழு ஆண்டு 1791 மார்ச்சில் முடிந்தது. ஆனால் யாருக்கு எப்போது தண்டனை முடிகிறது என்ற காகிதங்களை லண்டன் கப்பலில் அனுப்பவே இல்லை. ஆயிரக்கணக்கான மைல் தாண்டி மனிதர்களை அனுப்பியவர்கள், அவர்களுக்கு விடுதலை தரும் தாளை அனுப்ப மறந்தார்கள். சட்டப்படி முடிந்த தண்டனை, காகிதம் இல்லாததால் முடியாமல் தொடர்ந்தது.

துறைமுகத்தில் நின்ற டச்சுக் கப்பலின் தலைவர் டெட்மர் ஸ்மிட்டிடமிருந்து திசைகாட்டியும் கோணமானியும் வரைபடமும் வாங்கினார்கள். அரிசி, மாவு, பன்றியிறைச்சி சேர்த்தார்கள். தப்பிக்க எடுத்த அரசுப் படகு சில வாரங்களுக்கு முன்பு கவிழ்ந்த படகு. அப்போது அதில் பெனலாங் என்ற பூர்வகுடி மனிதரின் சகோதரியும் குழந்தைகளும் இருந்தார்கள். கரையிலிருந்த பூர்வகுடிகள்தாம் நீந்திப் போய் எல்லோரையும் காப்பாற்றினார்கள். பழுதுபார்த்த அதே படகில், டச்சுக் கப்பல் புறப்பட்டுப் போன 1791 மார்ச் 28 இரவு, பதினொரு பேர் கிளம்பினார்கள். மேரி, வில்லியம், மூன்று வயதுச் சார்லட், ஒரு வயதை எட்டிய இமானுவேல், இன்னும் ஏழு ஆண்கள். அந்த ஆண்களில் ஜேம்ஸ் காக்ஸ் என்பவன் தான் நேசித்த சாரா யங் என்ற பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனான் என்பதையும் காலின்ஸ் வழியாகவே அறிகிறோம்.

திறந்த படகு. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையோரம் வடக்கே ஏறி, பெரும் பவளத்திட்டைக் கடந்து, டோரஸ் நீரிணை வழியாக டச்சுக்காரர்களின் திமோர் தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஜூன் 5 அன்று கூப்பாங் துறைமுகத்தில் கால் வைத்தபோது 69 நாள்கள் ஆகியிருந்தன. கடந்தது 5,000 கிலோமீட்டருக்கு மேல். படகின் இணைப்புகள் விட்டபோது சோப்பைக் குழைத்து அடைத்தார்கள். பாரம் குறைக்கத் துணிகளைக் கடலில் எறிந்தார்கள். தீவுகளில் ஆமை பிடித்துத் தின்றார்கள். பதினொரு பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள், இரண்டு குழந்தைகள் உட்பட. கைக்குழந்தைகளை அத்தனை நாள் உயிரோடு வைத்திருந்த பாட்டை யாரும் எழுதவில்லை. படகோட்டிய ஆண்களின் பெயர்தான் முன்னால் வருகிறது.

இந்தப் பயணம் நமக்குத் தெரிவது எப்படி? உடன் போன ஜேம்ஸ் மார்ட்டின் சொன்னது ஒரு கையெழுத்துப் படியாக மிஞ்சியது. அது கிடைத்த இடம் தத்துவவாதி ஜெரமி பெந்தமின் காகிதக் கட்டுகளில். தீவாந்தர தண்டனையையே எதிர்த்த பெந்தம், அதைப் பற்றிய தாள்களைச் சேர்த்து வைத்திருந்தார். இன்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அது இருக்கிறது. முதல் கைதிக் கப்பல்களில் போன ஒரு கைதியின் சொந்தக் கதையாக நமக்குக் கிடைத்திருப்பது அது ஒன்றுதான். ஒருத்தியைத் தேடும்போது அவள் பெயருள்ள கோப்பில் மட்டும் தேடாதீர்கள். அவளைப் பிடித்தவர்கள், அவளுக்காக வாதாடியவர்கள், அவளை வைத்துத் தங்கள் கொள்கையை நிறுவ நினைத்தவர்கள் ஆகிய அத்தனை பேரின் காகிதங்களையும் புரட்டுங்கள்.

கூப்பாங்கில் தங்களைக் கப்பல் உடைந்து தப்பியவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். டச்சு ஆளுநர் நன்றாகவே பார்த்துக்கொண்டார். பிறகு குட்டு வெளிப்பட்டது. மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு வில்லியமே போய்ச் சொல்லிவிட்டான் என்கிறார் மார்ட்டின். குடிபோதையில் யாரோ உளறியதாக இன்னொரு பேச்சு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கதை ஓட்ட வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. இரண்டையும் வைத்து, யார் எங்கிருந்து சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் போதும்.

மூழ்கிப்போன ‘பண்டோரா’ போர்க்கப்பலின் தலைவர் எட்வர்ட் எட்வர்ட்ஸ் அந்த நேரத்தில் கூப்பாங் வந்து சேர்ந்தார். வேறொரு கப்பலில் கலகம் செய்தவர்களைப் பிடிக்கப் போனவர். இவர்களையும் பிடித்துக் கட்டிக் கொண்டுபோனார். வழியில் டச்சுத் துறைமுகமான பத்தாவியாவில் காய்ச்சல். 1791 டிசம்பர் 1 அன்று இமானுவேல் இறந்தான். டிசம்பர் 22 அன்று வில்லியம். அங்கிருந்து நன்னம்பிக்கை முனைக்குப் போகும் வழியில் மேலும் மூன்று ஆண்கள் இறந்தார்கள். முனையில் இருந்து இங்கிலாந்துக்கு ஏற்றிய கப்பல் ‘கோர்கன்’. சிட்னியிலிருந்து ஊர் திரும்பும் படைவீரர்கள் அதில் இருந்தார்கள். வாட்கின் டெஞ்ச் என்ற அதிகாரியும் இருந்தார். 1787-இல் ‘சார்லட்’ கப்பலில் மேரியோடு பயணம் செய்தவர் அவர். அந்தக் குழந்தை பிறந்த கப்பலில் இருந்தவர். இவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இரக்கமும் வியப்பும் வந்ததாகத் தம் நூலில் எழுதினார். அதே கப்பலில் ரால்ஃப் கிளார்க் என்ற இன்னொரு அதிகாரி, மீன்படகில் ஓடிப்போன கைதிப் பெண்ணின் குழந்தை இறந்தது என்றும், உடலைக் கடலில் விட்டார்கள் என்றும் நாட்குறிப்பில் சில வரிகளில் முடித்துவிட்டார். தேதி 1792 மே 6. சார்லட்டுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. கடலில் பிறந்து கடலில் போனாள்.

ஐந்து மாதத்தில் கணவனும் இரண்டு பிள்ளைகளும். இந்த வரியை எழுதும் எனக்கு மேலே ஒரு சொல் சேர்க்கத் தோன்றவில்லை. உங்களுக்கும் தோன்றாது என்று நம்புகிறேன்.

லண்டன் நியூகேட் சிறை அவளை அளந்து எழுதிக்கொண்டது: உயரம் 5 அடி 4 அங்குலம், சாம்பல் கண்கள், பழுப்பு முடி, வெளிறிய நிறம், விதவை. மேரியின் முகம் பற்றி நம்மிடம் இருப்பது இவ்வளவுதான். இதுவும் ஓடிப்போனால் அடையாளம் காண எழுதியது. நீதிமன்றம் பழைய தண்டனை முடியும்வரை சிறையிலேயே இருக்கும்படி சொன்னது. சாமுவேல் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜேம்ஸ் பாஸ்வெல் இவர்களுக்காக உள்துறை அமைச்சர் ஹென்றி டன்டாஸை விடாமல் வற்புறுத்தினார். 1793 மே 2 அன்று மேரிக்கு மன்னிப்பு வந்தது. அவளுடைய ஏழு ஆண்டு அந்த மார்ச்சிலேயே முடிந்திருந்தது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். அரசு பெருந்தன்மையோடு தந்தது அவளுக்கு ஏற்கெனவே உரியதை.

பாஸ்வெல் ஆண்டுக்கு 10 பவுன் தருவதாக ஏற்பாடு செய்தார். அக்டோபர் 12 அன்று ஃபோவேக்குப் போகும் படகில் அவளை ஏற்றிவிட்டார். அன்று முற்பகல் அவள் சொல்லச் சொல்ல, தப்பித்த கதையை இரண்டு தாள்களில் எழுதிக்கொண்டதாக அவருடைய நாட்குறிப்பு சொல்கிறது. நாட்குறிப்பு இருக்கிறது, அந்த இரண்டு தாள்களைக் காணோம். மேரியின் வாயிலிருந்து நேராக வந்தது அந்தத் தாள்கள் மட்டும்தான். என்னைக் கேட்டால், கார்ன்வாலின் எல்லாப் பதிவேடுகளையும் விட அந்த இரண்டு தாள் பெரிது.

வேறொன்று கிடைத்தது. சிட்னிக் காட்டில் படரும் ஒரு கொடியின் இலையைப் பறித்துக் கைதிகள் தேநீர் போலக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள், இனிப்பாக இருக்கும். அதில் ஒரு பிடியை மேரி பாஸ்வெலுக்குக் கொடுத்திருந்தாள். அவர் அதைப் பொட்டலமாகக் கட்டிக் காகிதங்களோடு வைத்திருந்தார். இருபதாம் நூற்றாண்டில் பாஸ்வெலின் காகிதங்கள் வெளிவந்தபோது இலைகளும் வெளிவந்தன. சிட்னியின் மிட்செல் நூலகத்தில் சில இலைகள் இப்போது இருக்கின்றன. படகுப் பயணத்திலும் பத்தாவியாவிலும் சிறையிலும் அந்த இலைகள் எப்படித் தப்பின என்று என்னால் நினைத்துப் பார்க்க முடிவதில்லை.

1795 மே மாதம் பாஸ்வெல் இறந்தார். பணம் நின்றது. பணத்தோடு காகிதமும் நின்றது. அதற்குப் பிறகு அவளை உறுதியாகப் பின்தொடர முடியவில்லை. இந்த இடத்தில் உங்களுக்குப் பெரிய சோதனை வரும். பக்கத்து ஊர்ப் பதிவேட்டில் அதே பெயரில் ஒரு திருமணமோ சாவோ கண்ணில் படும். அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் சொல்லும். பெயர் மட்டும் போதாது. வயது, ஊர், உறவுக்காரர் பெயர் இவற்றில் இரண்டாவது சேர்ந்து பொருந்தும்வரை கை வைக்காதீர்கள். 2005-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் உட்பட, மேரியைப் பற்றிய கதைகள் நிறைய. அவற்றில் சாகசக்காரி, காதலி, தியாகத் தாய் என்று ஆளுக்கொரு மேரி. அவை இருந்துவிட்டுப் போகட்டும், ஆய்வேட்டுக்குள் மட்டும் வர வேண்டாம்.

இதை எதற்கு உங்களிடம் சொல்கிறேன் என்றால், மேரி ஆஸ்திரேலியாவில் இருந்த அதே காலத்தில் நம் கரையிலிருந்தும் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனி 1787 முதலே இந்தியக் கைதிகளைச் சுமத்திராவின் பென்கூலனுக்கு அனுப்பியது. 1825 ஏப்ரல் 18 அன்று ‘ஹொரேஷியோ’ கப்பலில் பென்கூலனிலிருந்து சிங்கப்பூர் வந்து இறங்கிய முதல் 80 கைதிகள் சென்னையிலிருந்து தீவாந்தரம் அனுப்பப்பட்டவர்கள். பினாங்கும் மலாக்காவும் அதே பாதையில் இருந்தன. 1858 முதல் அந்தமான். சிங்கப்பூரின் சாலைகளும் புனித ஆண்ட்ரூ தேவாலயமும் இந்தியக் கைதிகளின் கையால் எழுந்தவை என்பது அங்கே பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கைதிகளில் பெண்களும் இருந்தார்கள். ஆண்களை விட மிகக் குறைவு. அவர்களுக்காக வாதாட ஒரு பாஸ்வெல் இல்லை, கூடப் போன ஒருவன் கதை சொல்லி அது பெந்தம் வீட்டில் சேரவுமில்லை. மேரியைத் தேடியவர்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் நமக்கு இருக்காது.

ஆனாலும் ஆரம்பிக்க வழி உண்டு. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் பழைய நீதித்துறை ஆவணங்களில் தொடங்குங்கள். தண்டனை, ஒப்புதல், அனுப்பிய கப்பல் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போங்கள். அக்கரையில் கைதியைப் பெற்றுக்கொண்ட அலுவலகத்துக்கும் ஒரு பதிவேடு இருந்திருக்கும். தண்டனைத் தேதியையும் கப்பல் தேதியையும் குழந்தைகளின் தேதிகளையும் ஒரே வரிசையில் எழுதிப் பாருங்கள். மேரியின் கதையில் நாம் கண்டது போல, ஒரு தாள் மறைப்பதை இன்னொன்றின் தேதி காட்டிக்கொடுக்கும்.

பட்டியலை நகலெடுக்கும்போது பெண்ணின் பெயரையும் ஊரையும் எழுத்தர் எழுதிய ஆங்கில எழுத்து வரிசையிலேயே எழுதுங்கள். அது முத்தம்மாளா முத்தாயியா, எந்த மாவட்டத்து ஊர் என்ற உங்கள் ஊகத்தைப் பக்கத்தில் தனியாக எழுதி, ஊகம் என்றே குறித்து வையுங்கள். உங்கள் ஆய்வேடு முடிந்த பிறகும் அந்தப் பட்டியலைப் பூட்டி வைக்காமல் துறை நூலகத்தில் கொடுங்கள். அடுத்து வருகிற மாணவி பினாங்கிலிருந்தோ போர்ட் பிளேயரிலிருந்தோ ஒரு தாளோடு வந்து, உங்கள் வரிசையில் இருக்கும் ஒரு பெயரோடு பொருத்திப் பார்க்கட்டும்.

அன்புடன்,
ஆவணக் காப்பகத்தில் உங்களுக்கு முன்னால் உட்கார்ந்து படித்த ஒருவர்